எழுதாமல் விட்ட வரி

"எத்தனை தடவை சுத்தினாலும் ஒண்ணுலயே நிக்குது, மேடம்" என்றார் சவரிமுத்து.

சீடரான அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. புதுச்சேரியில் புத்தகப் பக்கங்களைக் கணினியில் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் பிழை திருத்துபவர்.

குரு வான்மதிக்கு முப்பத்தொன்று. எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டுக் கோப்புகளைப் பக்கங்களாக மாற்றும் நிரல்களை அங்கே எழுதுபவர். நிரல் எழுதும் பாடம் நடப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

சவரிமுத்துவின் மனைவி ரெஜினா போன வருடம் இறந்துவிட்டார். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் போனிலிருந்து ஒரே கோப்பாக வந்திருந்தன. அவற்றைப் புத்தகம் போலக் கோத்துப் படிக்க வேண்டும் என்று மனுஷருக்குத் தீராத ஏக்கம். "சாப்பிட்டீங்களா" என்று ரெஜினா கேட்ட இடத்தில் எல்லாம், அது எத்தனையாவது தடவை என்று எண் போட வேண்டும்.

அதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

வான்மதி திரையைப் பார்த்தார்.

"எண்ணிக்கைன்னு ஒரு வேரியபிள் வச்சிருக்கீங்க. லூப்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு கூட்டப் பாக்குறீங்க."

"ஆமா."

"இந்த நிரல் மொழியில ஒரு தடவை வச்ச மதிப்பு வச்சதுதான், சார். மாத்த முடியாது. ஒரு சுத்துல நடந்தது அடுத்த சுத்துக்குத் தெரியவும் தெரியாது."

"அப்ப எப்படித்தான் எண்ணுறது?"

"ஒரே ஒரு செய்தியை மட்டும் பாருங்க. மிச்சத்தையும், இதுவரைக்கும் வந்த எண்ணையும் அடுத்த ஆள் கையில குடுத்துட்டு நகந்துடுங்க."

"அடுத்த ஆள் யாரு?"

"அதுவும் நீங்கதான். நீங்க எழுதின அதே நிரல் மிச்சத்தோட மறுபடி ஓடும்."

மூன்று நாள் அவர் அதையே மென்றுகொண்டிருந்தார். நான்காம் நாள் எழுதி எடுத்துவந்து ஓட்டிக் காட்டினார்.

கணினி திணறியது. பிறகு சிவப்பில் ஒரு வரியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

வான்மதி நிரலை மேலிருந்து கீழே படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. செய்தி தீந்துட்டா நிறுத்துன்னு ஒரு வரி வேணும். அந்த ஒரு வரிதான் இல்ல. அதான் முடிவே இல்லாம கைமாத்திக்கிட்டே இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு தடவை அடிச்சேன், மேடம். மூணு தடவையும் அழிச்சிட்டேன். அவ பேச்சு இதோட முடிஞ்சுதுன்னு என் கையாலயே எப்படி எழுதறது?"

வான்மதி ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவர். கீபோர்டை மெல்ல சீடர் பக்கம் நகர்த்தினார்.

"அதை நீங்க எழுதாத வரைக்கும், அவங்க மொத செய்திகூட வராது, சார்."

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சவரிமுத்து அந்த வரியை அடித்தார்.

திரை நிறைந்தது.

அவர் குனிந்து, முதல் செய்தியை வாய்விட்டுப் படித்தார்.

"பஸ் ஏறிட்டேன். கதவைப் பூட்டிடாதீங்க."