குறட்டையில் ஓடிய டிரெய்லர்

எங்கள் சங்கரன்கோவிலில் வெல்டிங் பேச்சிமுத்து பொய்யே சொல்லமாட்டான். இதை அவனே சொல்வான். என் லேத் பட்டறை அவன் பட்டறையை ஒட்டி இருப்பதால், எல்லாவற்றையும் நான் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அன்று பி.டி. டீச்சர் ஜெபமணி தன் நாய் சூரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னங்காலில் பெரிய கட்டு. பட்டறை வாசலில் டீச்சரின் புல்லட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த, பேச்சிமுத்து செய்த நாய் டிரெய்லர் மஞ்சள் பெயின்ட்டில் பளபளத்தது.

"ஆட்டோல போனதுல குலுங்கித் தையல் பிரிஞ்சிட்டு. வாரம் ரெண்டு தடவை தென்காசி டாக்டர்கிட்ட போகணும். இவன் வலியில கத்தினா என்னால தாங்க முடியல. இது குலுங்காதுல்லா?"

"குலுங்கவா? டீச்சர், உள்ள ஒரு கிளாஸ் டீயைத் தளும்பத் தளும்ப வச்சு தென்காசிக்கு ஓட்டினேன். ஒரு சொட்டு சிந்தல. மேல ஆடை கட்டியிருந்துச்சு, அவ்வளவுதான்."

"ஆடைல சுருக்கம் இல்லையாவே?" என்றேன்.

"இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. குறுக்க பேசாத. டீச்சர், போன மாசம் ஒரு ராஜபாளையம் நாயை ஏத்தினேன். ஏறினதும் தூங்கிட்டு. ஊரு போய்ச் சேந்து மூணு நாள் கழிச்சுத்தான் முழிச்சுது. அதுவரைக்கும் வீட்டுக்காரங்க அதோட மூக்குல கை வச்சு வச்சுப் பாத்துட்டு இருந்தாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. "குழி வந்தா?"

"வந்துச்சே! பனவடலிப் பக்கம் ஒரு குழி, கிணறு மாதிரி. டிரெய்லர் ஒரே தாவு. என் தலைக்கு மேல பறந்து வண்டிக்கு முன்னால போய் இறங்கிட்டு. அப்புறம் அதுதான் என்னை இழுத்துட்டுப் போச்சு. நான் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டேன். வந்து பாத்தா, போட்ட பெட்ரோலை விட அரை லிட்டர் கூட இருக்கு!"

"இன்ஜின் இல்லாம எது இழுத்துச்சு?"

"நாயோட குறட்டை, டீச்சர். காத்தோட்டத்துக்குப் பின்பக்கம் ஓட்டை வச்சிருக்கேன்லா? அது வழியா புஸ்ஸு புஸ்ஸுன்னு வெளிய வந்து வண்டியைத் தள்ளிட்டு."

எனக்குத் தலை சுற்றியது. அவன் விடவில்லை.

"இதைக் கேள்விப்பட்டு குற்றாலம் மலையில இருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்துட்டு, தனக்கும் ஒண்ணு வேணும்னு. வாரா வாரம் வந்து முறைச்சுட்டுப் போவுது."

"நான் ஒரு நாளும் பாக்கலையேவே?"

"நீ டீ குடிக்கப் போற நேரம் பாத்து வரும். உன் மூஞ்சியைக் கண்டா அதுக்குப் பயம்."

டீச்சர் சூரியை என் மடியில் இறக்கினார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். "ஏறு."

"சூரியையா ஏறச் சொல்லுதீங்க, டீச்சர்?"

"உன்னை."

அந்த விசிலுக்கு முப்பது வருஷமாக ஊரே ஓடியிருக்கிறது. பேச்சிமுத்து மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ச் சுருண்டான். டீச்சரே பெல்ட்டை மாட்டிக் கதவைச் சாத்தி, புல்லட்டில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். போகும்போது "ஐயோ" கேட்டது. வரும்போது அதுவும் கேட்கவில்லை.

கதவைத் திறந்ததும் நாலு காலில் இறங்கினான்.

"சொல்லு. சூரியை ஏத்தலாமா?"

பேச்சிமுத்து வாயைத் திறந்தான். சூரி கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடினான். எனக்கே பாவமாகிவிட்டது.

"வேண்டாம் டீச்சர்," என்றான் மெதுவாக. "பிள்ளை தாங்காது. அடியில ஸ்பிரிங்கே இல்ல. நாலு நாள் குடுங்க, நல்லா செஞ்சு தாரேன்."

இருபது வருஷத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

"சரி. ஆனா நட்டு ஒண்ணு மாத்தினாலும் நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பேன். நீதான் உள்ள இருக்கணும்."

பேச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அப்போ மெத்தை ரெண்டாப் போட்டுருதேன் டீச்சர்."