அடிக்க வேண்டிய பெயர்

வேதக்கோயில் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை ஞானாயுதம் மூன்று தடவை படித்தார். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் காணிக்கை பற்றிப் பேசப் பன்னிரண்டு பேர். அவர் பெயர் இல்லை. பால்வாடி ஆயா கிருபைக்கனியின் பெயர் இருந்தது.



மிளகாய் வத்தல் மூட்டை சுமந்து, ஏமாந்து, அடிபட்டு, சொந்தமாக மண்டி வைத்த மனிதர். பேச்சில் அவரை மடக்க சந்தையில் ஆள் கிடையாது. கோயிலில் சுற்றுகிற ஆறு மின்விசிறியும் அவர் கொடுத்தவை. ஆனால் ஆராதனை முடிந்தால் ஜனம் கிருபைக்கனியைச் சுற்றித்தான் நிற்கும். அவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

நேரே போதகரிடம் போனார். போதகருக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

“நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசத் தெரியாதவ. அவளுக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா ஐயா?”

“நீங்க எப்படிப் பேசுவீங்க அண்ணாச்சி? நான்தான் வீட்டுக்காரன்னு வச்சுக்கிடுங்க.” போதகர் நாற்காலியில் சாய்ந்தார். பட்டியலில் உள்ளவர்களுக்கும் அவர் இப்படித்தான் பயிற்சி கொடுத்தார். “இந்த வருசம் ஒண்ணும் முடியாது.”

“மாடியில தகரக் கொட்டகை போட மட்டும் முடிஞ்சுதோ? சரி, ஒமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூவாயிரம்னு எழுதும்.”

போதகர் சிரித்துவிட்டார். “எழுதிட்டேன். எழுதாம நீங்க எந்திரிக்க மாட்டீங்களே.”

ஞானாயுதம் மீசையைத் தடவினார். “அவளச் செய்யச் சொல்லுங்க, பாப்போம்.”

பயிற்சிக்கு வந்து வாசலில் நின்ற கிருபைக்கனியைப் போதகர் உள்ளே கூப்பிட்டார். அவளிடமும் அதையே சொன்னார். “இந்த வருசம் ஒண்ணும் முடியாது.”

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா ஐயா? முகம் வாடிக் கெடக்கே.”

போதகர் வேஷத்தை மறந்துபோனார். “அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு,” என்றார். “ரெண்டு நாளா தூக்கமில்ல.”

அவள் அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தாள். பிறகு, “சோறு கொண்டாறேன்” என்று எழுந்து போனாள்.

“காணிக்கைங்கிற வார்த்தையே அவ வாயில வரல,” என்றார் ஞானாயுதம். “அவளத் தூக்கிட்டு என்னப் போடுங்க.”

போதகர் மேசையிலிருந்த பட்டியலையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். “அவ பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதிக்கிடுங்க.”

ஞானாயுதம் பேனாவைத் திறந்தார். இந்தத் தாளில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அந்த ஆள் போக வேண்டிய வீடுகள் எழுதியிருந்தன. கிருபைக்கனிக்கு நேரே முதல் வீடு ஞானாயுதத்துடையது. சம்சாரம் இறந்த பத்து மாதத்தில் ஒருத்தர்கூட வந்து உட்காராத வீடு.

பேனா அந்தரத்தில் நின்றது.

“இவ பேர அடிச்சா, எங்க வீட்டுக்கு யாரு வருவா?”

“அந்த வீட்டுக்கும் நீங்கதான் அண்ணாச்சி போகணும்.”