கைக்கணினியில் மகனைத் தேடியவர்

பொதிகை அடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் ஞானாம்பிகை அம்மா. அவருடைய சீடர் திருமலையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திருமலையப்பனின் ஒரே மகன் சொரிமுத்து. ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீரைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. ஆனி மாதம் ஒரு லாரி மோதி இறந்துபோனான்.

சில நாள் கழித்துத் திருமலையப்பன் ஆசிரமத்துக்கு வந்தார். ஒரு துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து அம்மாவின் முன்னால் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர். மகன் வேலைக்கு எடுத்துப்போவது. விபத்தில் அதன் திரை நொறுங்கியிருந்தது.

"இதுல எனக்குன்னு ஏதாவது எழுதி வச்சிருப்பான்மா. திரையில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"பெரிய கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்ப்போம்" என்றார் அம்மா.

ஆசிரமத்து அலுவலக அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அம்மா கேபிளை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே மாட்டுங்க."

அவர் கேபிளை வாங்கினார். முனையைத் தலைகீழாக வைத்து அழுத்தினார். பிறகு திருப்பி மாட்டினார். சிறிய கம்ப்யூட்டரின் ஓரத்தில் விளக்கு எரிந்தது. பெரிய திரையில் ஒன்றும் வரவில்லை.

"இதுவும் போயிடுச்சாம்மா?"

"இல்லை. இந்தக் கேபிள் சார்ஜ் ஏத்த மட்டுந்தான் ஆகும்போல. ஃபைல் வர்ற கேபிள் வேற."

மறுநாள் அவரே டவுனுக்குப் போய் வேறு கேபிள் வாங்கி வந்தார். அதை மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுத்தது. திரையில் மகனின் பெயர் வந்தது. அவர் கை கூப்பினார்.

ஃபைல்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. திருமலையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

'வடக்குத் தெரு அடிபம்பு. ப்ளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.'

'பள்ளிக்கூடக் கிணறு. தண்ணீர் நல்ல தண்ணீர். மூடி இல்லை. ஊராட்சித் தலைவரிடம் சொன்னேன்.'

எல்லாமே இப்படித்தான் இருந்தன. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வாசித்தார். கடைசி ஃபைலில், 'காலனி டேங்க். நாளை மறுபடியும் வந்து பார்க்க வேண்டும்' என்று இருந்தது. அதன் பிறகு எதுவும் இல்லை.

அவர் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார்.

"ஊரெல்லாம் சொல்லியிருக்கான். எனக்கு ஒரு வரி இல்லையேம்மா."

"நேர்ல பேசினது இருக்குமே, ஐயா."

"பேச்சு இல்லைம்மா. வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டான். அன்னைக்கே பேச்சை விட்டுட்டேன். நல்ல நாள், பண்டிகைன்னா போன் அடிப்பான். நான் எடுக்க மாட்டேன்."

அம்மா அந்தச் சிறிய கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதை உங்ககிட்ட யாரு கொண்டாந்து கொடுத்தா?"

"அவன் பொண்டாட்டி. 'மாமா, அவர் கையிலயே இருந்தது. உங்ககிட்ட இருக்கட்டும்'னு நீட்டினா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வாங்கிக்கிட்டு உள்ள வந்துட்டேன்."

"அவ?"

"கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னா. பிறகு போயிட்டா."

அம்மா கேபிளைக் கழற்றிச் சுருட்டினார்.

"நீங்க போனை எடுக்காதப்பல்லாம் அவன் பக்கத்துல இருந்தவ அவ. உங்களைப் பத்தி அவன் சொன்னதையெல்லாம் காதால கேட்டவ. அவ வாசல்ல நின்னா. நீங்க அவளை விட்டுட்டு இதை மட்டும் வாங்கிக்கிட்டீங்க."