கீரி வீட்டுத் தொட்டில்

ஒரு காட்டில், கடையே இல்லாமல் கடை நடத்திய தூக்கணாங்குருவி ஒன்று இருந்தது. புல்லில் தொட்டில் பின்னுவது அதன் தொழில். வேண்டுமென்பவர்கள் காகத்திடம் சொல்லிவிடுவார்கள். காகம் தொட்டிலைத் தேக்கிலையில் கட்டி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, விலைக்குரிய தினையை வாங்கிவரும். வாங்கியவர் என்ன நினைக்கிறார் என்பதைக் காடு முழுக்கக் கத்திச் சொல்வதும் அதன் வேலைதான். வாங்குபவர்களில் குருவியை நேரில் பார்த்தவர் எவருமில்லை.

காகம் ஒரு விதி வைத்திருந்தது. பிரிக்காத பொருளை ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல விதிதான், குழந்தைகளே. ஆனால் அதே காட்டில் ஒரு கீரியும் இருந்ததே!

கீரிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி பிறக்கும். ஒவ்வொரு முறையும் புதுத் தொட்டில் வரவழைத்து, ஊரைக் கூட்டி, தொட்டிலிடும் விழாவை அமர்க்களமாக நடத்தும். மறுநாளே தொட்டிலை இலையில் சுற்றி, "பிரித்துக்கூடப் பார்க்கவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். தினையும் திரும்பிப் போய்விடும். அழுக்குத் தொட்டிலை வேறு யார் வாங்குவார்கள்? குருவி அதைப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி புல் தேடப் போகும். இதைப் பார்த்து முயலும் முள்ளம்பன்றியும்கூட அதே வித்தையைக் கற்றுக்கொண்டன.

அந்த ஆண்டு மழை நெருங்கிவிட்டது. குருவியின் துணையான பெண்குருவி முட்டையிடும் நாளும் அருகில் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தொட்டில் பின்னியவன் வீட்டில் கூடு இல்லை.

"கீரியக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?" என்றது பெண்குருவி.

"கேட்டால் காகத்திடம் மோசமாகச் சொல்லிவிடுவாள். அப்புறம் யார் வாங்குவார்கள்?" என்றது ஆண்குருவி.

"இப்போது மட்டும் யார் வாங்குகிறார்கள்? எல்லாரும் இரவல் அல்லவா கேட்கிறார்கள்!"

குருவிக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே கீரி நான்காவது தொட்டில் கேட்டு ஆளனுப்பியது. குருவி வழக்கம்போல் பின்னியது. காற்றில் ஆடாமல் இருக்கத் தூக்கணாங்குருவிகள் தம் கூட்டுக்குள் ஈரக் களிமண் அப்புவதுண்டு. இந்தத் தொட்டிலின் அடியிலும் அப்படியே அப்பி, ஈரம் காயுமுன் அனுப்பிவைத்தது.

எதிர்பார்த்தபடியே இரண்டாம் நாள் தொட்டில் திரும்பி வந்தது. கூடவே கீரியும் வந்தது. போன முறை தினை தாமதமாக வந்ததாம், இந்த முறை கையோடு வாங்கிப் போகவேண்டுமாம். தொட்டில் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருப்பதாகக் காகத்திடம் சத்தியமும் செய்தது.

குருவி இலையை விலக்கியது. காய்ந்த களிமண்ணில் குட்டிக் கால் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. விருந்தில் சிந்திய தேனில் எறும்பு மொய்த்திருந்தது.

கீரி சளைக்கவில்லை. "வரும்போதே அப்படித்தான் இருந்தது."

"நான் பறவை, அக்கா. எனக்கு ஏது நாலு கால்?" என்றது குருவி.

காகம் தலையைச் சாய்த்துத் தடங்களைப் பார்த்தது. கீரியின் கால்களையும் ஒருமுறை பார்த்தது. தினையைத் தர முடியாது என்று சொல்லிவிட்டது.

கீரிக்குக் கோபம் தலைக்கேறியது. "காடு முழுக்கச் சொல்லி உன் பிழைப்பைக் கெடுக்கிறேன், பார்!"

குருவி பின்வாங்கவில்லை. "சொல்லுங்கள் அக்கா. நீங்கள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் காகம் கத்தட்டும்."

கீரி ஆத்திரத்தில் சொல்லச் சொல்ல, காகம் மரம் மரமாகப் போய்க் கத்தியது. "மகா மோசமான தொட்டில்! குட்டிகளைக் கிடத்தினால் கால் தடம் பதிகிறது! விழா முடிந்து திருப்பிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! யாரும் வாங்காதீர்கள்!"

காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திருப்பி அனுப்பக் கட்டிவைத்திருந்த தொட்டில்களை முயலும் முள்ளம்பன்றியும் சத்தமில்லாமல் அவிழ்த்து, தங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டன. தொட்டில்கள் திரும்பி வருவது நின்றதால், குருவிக்குத் தன் கூட்டைப் பின்ன நேரம் கிடைத்தது. மழை தொடங்கிய அன்று, பெண்குருவி அந்தப் புதுக் கூட்டில் முதல் முட்டையை இட்டது.

நீதி: கெட்ட பெயருக்கு அஞ்சி வளைந்து கொடுப்பவருக்கு ஏமாற்றுக்காரர்களே நிலையான வாடிக்கையாளர்கள்.