மதகில் சிக்கிய மொக்கையன்

மலைக்காட்டு ஓடையில் ஒரு சின்ன அணை. அதன் கீழே தண்ணீர்ச் சக்கரம். சக்கரம் சுற்றினால் ஆலமரப் பொந்தில் பல்பு எரியும். அடைமழையில் கூடு கரைந்துபோன கவுதாரி சிட்டம்மா, அந்தப் பல்பின் சூட்டை நம்பித்தான் முட்டைகளைப் பொந்தில் வைத்திருந்தாள்.

அணைக்குக் காவல் நீர்நாய் பவுனு. சக்கரத்துக்குத் தண்ணீர் போகும் வழியிலுள்ள கம்பி வலையில் சேரும் களையை எடுக்க வேண்டும். அவ்வப்போது அடிமதகைத் திறந்து வண்டலை வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்தக் களையான ஆகாயத்தாமரை பூத்ததும் பவுனுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊதாப் பூ ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு, போவோர் வருவோரையெல்லாம் தோட்டம் பார்க்கக் கூப்பிட்டாள். மதகைத் திறக்கப் போனால் எருமை மொக்கையன் விடவில்லை. அவன் மதகோரத்து வண்டலில் கழுத்துவரை புதைந்து கிடந்தான்.

"என் மெத்தையைக் கரைச்சிடாதே தாயி. உன் தோட்டம் மாதிரி இந்தக் காட்டுலேயே கிடையாது."

பவுனு பூரித்துப்போய்த் திரும்பிவிட்டாள்.

பல்பு மங்கியது. குரங்கு அதை வாலால் துடைத்தது. பிறகு நக்கியும் பார்த்தது. பல்புக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி முயல் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தது. பவுனுவும் பல்பைத்தான் திட்டினாள்.

சிட்டம்மா யாரையும் திட்டவில்லை. பவுனுவின் கையை அலகால் இழுத்து முட்டைமேல் வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு, பாருக்கா."

பவுனு ஓடிப்போய்த் தண்ணீரில் பாய்ந்தாள். வலை முழுக்க வேர். அடியில் மலைபோல் வண்டல். சக்கரத்துக்கு ஒழுகியதோ கைப்பிடித் தண்ணீர். கடவுளே என்று காதுப் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள்.

குரங்குகள் வாலோடு வால் கோத்துக் களையை இழுத்தன. களை அறுந்தது. அத்தனையும் மல்லாந்து விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி இழுத்தன.

"அண்ணே, எழுந்திரு. மதகைத் திறக்கப் போறேன்."

"இன்னும் ஒரே ஒரு தூக்கம்" என்றான் மொக்கையன்.

பவுனு திறந்தே விட்டாள். சேறு பாய்ந்தது. மெத்தையோடு மொக்கையனும் சறுக்கி வந்து, தன் பின்புறத்தால் மதகை அடைத்துக்கொண்டான்! தள்ளினார்கள், அசையவில்லை. கடைசியில் பவுனு தன் மீசையால் அவன் காதைக் குடைந்தாள். கெக்கெக்கே என்று அவன் சிரிக்க, தொப்பை குலுங்க, பொளக்கென்று கழன்று சேற்றில் சறுக்கிப் போய்க் கீழ்த்துறையில் உட்கார்ந்தான்.

எல்லோரும் பதறி ஓடினார்கள்.

"இன்னொரு தடவை!" என்றான் மொக்கையன்.

வண்டல் வடிந்ததும் பவுனு மதகை மூடினாள். தெளிந்த தண்ணீர் ஏறியது. சக்கரம் கிறுகிறுவென்று சுற்ற, பல்பு பளிச்சிட்டது. அந்தச் சூட்டிலேயே சில நாளில் முட்டைகள் விரிசல்விட, பொந்து நிறையக் கீச்சுக்கீச்சு.

பாராட்டில் மயங்கி அன்றாட வேலையைத் தள்ளிப்போடுகிறவர், தம்மை நம்பியிருப்பவரைத்தான் குளிரில் விடுகிறார்.