ராஜாவுக்குப் பதிலாகக் குடித்த கஷாயம்

ரொம்ப காலத்துக்கு முந்தி நெல்லிவளநாடு என்று ஒரு சீமை இருந்தது. அதை ஆண்ட ராஜா இளவழுதிக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம். கஷ்டமான காரியம் எதுவானாலும் ஆள் வைத்துத்தான் செய்வான். ராஜா விரதமிருந்தால் பட்டினி கிடப்பது சபையிலிருந்த கூத்தபிரான். ராஜா வேண்டிக்கொண்டால் மொட்டை போட்டுக்கொள்வதும் அதே கூத்தபிரான். ஒவ்வொன்றுக்கும் வெகுமதி வேறு வாங்கிக்கொள்வான் அந்த மகானுபாவன்.

வேட்டைக்குப் போய்வந்த ராஜாவுக்கு முழங்கால் வீங்கி, உடம்பெல்லாம் ஒரே அசதி. அரண்மனை மருத்துவச்சி மாடத்தி நொச்சி, முடக்கத்தான், சுக்கு எல்லாம் தட்டிப்போட்டு, எட்டுப்படித் தண்ணீர் ஒருபடியாக வற்றும்வரை அடுப்படியில் கிடந்து வெந்து கஷாயம் இறக்கினாள். ராஜா மோந்து பார்த்தான். மூஞ்சி கோணிப்போயிற்று.

"கூத்தபிரான், எனக்குப் பதிலாக நீ குடி!"

இருபது நாள் குடித்தான். குடித்தவன் மாடிப்படியில் துள்ளி ஏறினான். ராஜாவின் முழங்கால் மட்டும் பூசணிக்காயாகவே இருந்தது. தன் மச்சினனை அரண்மனை வைத்தியனாக்கக் காத்திருந்த கூத்தபிரான், "கஷாயத்தில் சத்தே இல்லை, மகாராஜா" என்று வத்தி வைத்தான்.

ராஜா உறுமினான். "மாடத்தி, அமாவாசைக்குள் வீக்கம் வடியவில்லையென்றால் நீ நாட்டைவிட்டே போய்விடு!"

அமாவாசைக்கு இன்னும் மூன்றே நாள். மாடத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிக்காத மருந்து எந்த ஊரில் கேட்கும்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ராஜாவிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டாள்.

"தப்பு என்மேலதான், மகாராஜா. பத்தியம் சொல்ல மறந்துட்டேன். மருந்து இறங்கின வயித்துலதான் சோறும் இறங்கணும். நாளைக்கு உங்க சாப்பாட்டையும் இவரே சாப்பிடட்டும்."

"அவ்வளவுதானே? ஆகட்டும்!"

மறுநாள் ராஜாவின் இலையில் கூத்தபிரான் சம்மணம்போட்டு உட்கார்ந்தான். காலையில் நெய்ப்பொங்கல், மத்தியானம் வடை பாயசத்தோடு விருந்து. ராஜா எதிரே உட்கார்ந்து எச்சில் விழுங்கினான். பொழுது சாய்வதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அடியே மாடத்தி, பசி உயிர் போகுது!"

"இன்னுமா பசிக்குது? இப்பத்தானே இவர் உங்களுக்காக மூணாந்தரம் பாயசம் குடிச்சார்!"

ராஜா கூத்தபிரானின் தொப்பையைப் பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "அந்தக் கஷாயத்தை இப்படிக் கொடு" என்றான். "அமாவாசைக் கெடுவும் ரத்து!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் குடித்தான். பௌர்ணமியன்று யார் தோளையும் பிடிக்காமல் படியிறங்கி வந்து, மாடத்திக்கு இரண்டு தங்கக் காப்பு பூட்டினான். கூத்தபிரான் பழக்கதோஷத்தில் தானும் கையை நீட்டினான்.

"உனக்கும் சேர்த்துத்தான் அவள் போட்டுக்கொண்டாளே," என்றான் ராஜா. "கை கனக்கவில்லை?"