ஓடுகிற கடிகாரத்துக்கு மூன்று வாட்ச்மேன்

தமிழில் கடிகாரம் ஓடும். ஆனால் அதற்குக் கால் கிடையாது. களைத்துப் போனால் நிற்கும். அப்போதும் கால் கிடையாது. உள்ளே முள் இருக்கும், யாரையும் குத்தியதில்லை. பூட்டே இல்லாத அந்தப் பொருளுக்குத் தினமும் சாவி வேறு கொடுக்க வேண்டும். இலக்கணம் படித்தவர்கள் இதையெல்லாம் மரபு என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். மூணாண்டிப்பட்டிச் சகோதரர்கள் இலக்கணம் படிக்கவில்லை.

மூத்தவன் பெரியகருப்பன், நடுவன் சோலைமலை, கடைக்குட்டி வெள்ளைக்கண்ணு. வைரவன் செட்டியார் தம் பெரிய வீட்டின் வாசலில் ‘வாட்ச்மேன் தேவை’ என்று பலகை மாட்டியதும் மூவரும் வந்து நின்றார்கள். வெள்ளைக்கண்ணுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

“வீட்டைப் பாத்துக்கணுமா, வாட்ச்சைப் பாத்துக்கணுமாண்ணே?”

“வீட்டைன்னா வீட்டுமேன்னு எழுதியிருப்பாரு” என்றான் பெரியகருப்பன்.

வேடிக்கை என்னவென்றால், செட்டியாரிடம் அப்படி ஒரு வாட்ச் இருக்கத்தான் செய்தது. தங்கத் தகடுபோல மெலிந்த கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில் மொர்வியே குடும்பம் செய்தது. செட்டியார் அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் சோறு ஆறிவிடும். பனி மூடினால் அங்கே மாடு மேய்க்க முடியாதாம். அதனால் முதல் மொர்வியே மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, மாடுகளின் மூச்சுச் சூட்டில் விரலைச் சூடேற்றிக்கொண்டு கடிகாரம் செய்தாராம். “பெரிய பரம்பரை. பிறந்தது மாட்டுக் கொட்டகையில்” என்று செட்டியார் முடிப்பார். சகோதரர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது அந்த வம்சத்தின் கொள்ளுப்பேரனே வருகிறார். கடிகாரம் நல்லபடியாக ஓடினால், மொர்வியே வீட்டுக் காட்சிசாலையில் செட்டியார் பெயரோடு அதை வைப்பதாகச் சொல்லியிருந்தார். அவரை அழைத்துவரச் சென்னைக்குப் புறப்பட்ட செட்டியார் சகோதரர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: “தினமும் காலையில் சாவி கொடுங்கள். இது டிரெஸ் வாட்ச், விசேஷத்துக்கு மட்டும் கட்டுவது, பார்த்துக் கையாளுங்கள். அவர் வரும்போது ஓடிக்கொண்டிருந்தால் மூன்று பேருக்கும் வேலை நிரந்தரம், காக்கித் தொப்பியும் உண்டு. நின்றிருந்தால் நீங்களும் வெளியே நிற்கலாம்.”

தொப்பி என்றதும் மூவரும் தலையைத் தடவிக்கொண்டார்கள். மூணாண்டிப்பட்டியில் அதுவரை யாரும் தொப்பி போட்டதில்லை.

கார் கிளம்பியதும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். டிரெஸ் வாட்ச் டிரெஸ் இல்லாமல் கிடந்தது. பெரிய பரம்பரை இப்படிக் கிடக்கலாமா என்று வருந்தி, செட்டியாரின் பட்டுக் கைக்குட்டையைச் சுற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை சாவி கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சாவிகள் முழங்கை நீளம். பெரியகருப்பன் கொத்தைத் தூக்கி இரண்டு கையாலும் நீட்டினான். கடிகாரம் வாங்கிக்கொள்ளவில்லை.

“கையில கொடுத்தா எப்படி வாங்கும்? தாம்பாளத்துல வச்சுக் கொடுக்கணும்” என்றான் சோலைமலை.

வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கடிகாரத்தின் முன்னால் வைத்தார்கள். கொடுத்ததைத் திருப்பி எடுப்பது மரியாதை இல்லை என்பதால் சமையலறை, படுக்கையறை எதையும் திறக்காமல், வாசல் வேம்படியில் பட்டாணியைக் கொறித்துக்கொண்டு படுத்துக்கொண்டார்கள்.

அப்படியும் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் அடங்கிப் போயிற்று.

“நின்னு போச்சு” என்றான் வெள்ளைக்கண்ணு. அவனுக்குத் தொப்பி கண்முன்னால் பறந்து போயிற்று.

“படுத்துல்லடா இருக்கு? படுத்திருக்கிறதை நின்னுருச்சுன்னு சொன்னா நாளைக்கு ஒரு பய நம்மள மதிப்பானா?” என்று பெரியகருப்பன் அதட்டினான்.

சோலைமலை கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தான். நோய் உடனே விளங்கிவிட்டது. ஒரு பெரிய முள், ஒரு சின்ன முள், மெலிதாக இன்னொரு முள்.

“இத்தனை முள்ளு ஏறியிருந்தா எப்படிண்ணே ஓடும்? நீ ஓடுவியா?”

பெரியகருப்பன் மனம் கசிந்துவிட்டான். இடுப்பில் தொங்கிய முள்வாங்கியை எடுத்து, கண்ணாடியை நெம்பி, மூன்று முள்ளையும் பதமாகப் பிடுங்கினான். வலிக்காமல் இருக்க வெள்ளைக்கண்ணு ஊதிக்கொண்டே இருந்தான். முள்ளைக் கீழே போட்டால் வேறு யார் காலிலாவது ஏறிவிடுமே என்று சுண்ணாம்பு டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தார்கள்.

முள் எடுத்தும் கடிகாரம் ஓடவில்லை. எடுத்தவுடன் யாருக்கும் ஓட வராது, பழக்கித்தான் விடவேண்டும் என்று முடிவாயிற்று. வெள்ளைக்கண்ணு அதைக் கையில் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். கடிகாரம் நன்றாகவே ஓடிற்று. ஆனால் பட்டாணி தின்ற உடம்பு. அவன் மூச்சிரைத்து நின்றால் கடிகாரமும் நின்றது. மற்ற இருவரும் மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தார்கள். தொப்பிக்கு ஆசைப்பட்டவன் எவ்வளவு ஓடுவான்? மூவரும் நாக்குத் தள்ளி விழுந்த நேரத்தில் வாசலில் கார் சத்தம் கேட்டது.

“அண்ணே, அது பிறந்தது மாட்டுக் கொட்டகையிலதானே?” என்றான் சோலைமலை.

செட்டியாரும் கொள்ளுப்பேரரும் உள்ளே வந்தபோது மேசைமேல் தாம்பாளம், சாவிக்கொத்து, காய்ந்த வெற்றிலை ஆகியவை இருந்தன. கடிகாரத்தைக் காணோம். செட்டியார் தாம்பாளத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“கடிகாரம் ஓடுதாடா?”

“அருமையா ஓடுதுங்க ஐயா” என்றான் பெரியகருப்பன். “இந்நேரம் கண்மாய்க் கரையைத் தாண்டியிருக்கும்.”

செட்டியார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்த கன்றுக்குட்டியின் கழுத்தில் பட்டுக் கைக்குட்டையால் அதைக் கட்டி அவிழ்த்துவிட்டிருந்தார்கள். செட்டியார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப வரும்?”

“நேரமாச்சுன்னா வந்துரும்.”

“இப்ப மணி என்ன?”

“அது வந்தாத்தான் தெரியும்.”

பால் கறக்கும் நேரத்துக்குக் கன்று தாயைத் தேடி வந்துவிட்டது. கைக்குட்டைக்குள் கடிகாரம் பத்திரமாக இருந்தது. கொள்ளுப்பேரர் அதன் முகத்தைக் கவனித்தார், முள் இல்லை. வெள்ளைக்கண்ணு பெருமையோடு சுண்ணாம்பு டப்பாவை நீட்டினான். நடந்ததைச் செட்டியார் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் தொழுவத்திலேயே வைக்கோல்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பையிலிருந்து சிறு கருவிகளை எடுத்து, பசுவின் மூச்சுச் சூட்டிலேயே முள்ளைப் பொருத்தி, கடிகாரத்தின் பக்கவாட்டிலிருந்த குமிழை விரலால் திருகிச் சாவி கொடுத்தார். டிக் டிக் என்றது.

“காதைத் திருகுறாரு” என்று சோலைமலை மூத்தவன் காதில் சொன்னான். “நாம மரியாதை கொடுத்துக் கெடுத்துட்டோம்.”

கடிகாரம் காட்சிசாலைக்குப் போவது உறுதி என்றார் கொள்ளுப்பேரர். தாம் வரும்போது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றும் தீர்ப்புச் சொன்னார். செட்டியார் வாக்குத் தவறாதவர். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று காக்கித் தொப்பிகளை எடுத்துவந்து கொடுத்தார். மூவரும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நகரவில்லை.

“இன்னும் என்னடா?”

“இன்னொரு தொப்பி வேணுங்கய்யா.”

“யாருக்கு?”

பெரியகருப்பன் கன்றுக்குட்டியின் தலையைச் சாணால் அளந்துகொண்டே சொன்னான்: “காது ரெண்டுக்கும் ஓட்டை வச்சுத் தைக்கச் சொல்லுங்க.”